இருநூற்றுப் பன்னிரண்டு முறை அணைத்தவர்

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் சிலர் கண்ணுக்கே தெரியாது. சிலருக்குத் தெரியும், கை எழாது. சுவிட்சண்ணனுக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. எடுத்துப் போடும்வரை நிம்மதி கிடையாது. ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், பின்கட்டு அறையில் மின்விசிறி சும்மா சுற்றுகிறதே என்று நிறுத்திவிட்டு வந்தார். உள்ளே செத்தவரின் அண்ணன் படுத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வேர்த்து விறுவிறுத்து எழுந்து வந்த பெரியவர், செத்தவனை விட்டுவிட்டு இவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அது சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் அந்தப் பேரைப் பார்த்தால் யாரோ எவரோ என்று அவரே தாண்டிப் போவார். குடிநீர் வழங்கும் அரசுத் துறையின் நாலு மாடிக் கட்டடத்தில், வாசல் காவலரிலிருந்து மேல்மாடிப் பொறியாளர்வரை எல்லாருக்கும் அவர் சுவிட்சண்ணன்தான்.

வேலை மின் பராமரிப்பு. அறுபத்தேழு அறை, நூற்றுச்சொச்சம் மின்விசிறி, எண்ணி முடியாத விளக்கு. படிப்பு ஏழாம் வகுப்பு. பதவி தற்காலிகம். தற்காலிகம் என்றால் பதினாலு வருஷம் என்று அர்த்தம் கண்டுபிடித்தது அரசாங்கம்தான். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை அவரை ஒரு நாள் வேலையை விட்டு நீக்குவார்கள், மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். விதி அப்படி. அந்த நீக்கப்பட்ட நாளிலும் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து நிற்பார். "இன்னைக்குத்தான் நீங்க இல்லையே அண்ணே" என்று வாசல் காவலர் சொன்னால், "நான் இல்ல சரி, லைட்டு இருக்குல்ல" என்று படியேறிவிடுவார்.

இந்த வருஷம்தான் அவருடைய பணி நிரந்தரக் கோப்பு அசைந்தது. பதினோரு மேசை தாண்டி, தலைமையகத்தில் கடைசிக் கையெழுத்துக்குப் போய் உட்கார்ந்தது. இதற்கு முந்திய பட்டியல் வந்து ஆறு வருஷம். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது, துறைக்கும் தெரியாது.

இதற்கு நடுவில்தான் துறைக்குத் திடீரென்று ஞானம் வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீரை வீணாக்காதே என்று பலகை வைக்கிற அலுவலகம் மின்சாரத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறது என்று யாரோ மேலே கேட்டுவிட்டார்கள். ஒரு வருஷத்தில் கால்வாசி குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாடிக்கு மாடி புது மீட்டர், அது கால் மணிக்கு ஒரு தடவை தலைமையகத்துக்குக் கணக்குச் சொல்லும். கூடவே கைப்பேசியில் போட்டுக்கொள்ள ஒரு செயலி. பேர் 'மிச்சம்'. எந்த அறையில், எத்தனை மணிக்கு, எதை நிறுத்தினோம் என்று பராமரிப்பு ஆள் தினமும் அதில் எழுத வேண்டும். காகிதப் பதிவேடு அன்றோடு ஒழிந்தது.

கணினிப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். சுவிட்சண்ணன் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவள்தான் அவருடைய கைப்பேசியில் மிச்சத்தை ஏற்றிக் கொடுத்து, ஒற்றை விரலால் தட்டவும் பழக்கினாள். ஆரம்பத்தில் ஒரு வரி எழுதுவதற்குள் அவருக்கு நெற்றி வேர்த்துவிடும். நாலு மாடி ஏறி இறங்கினால்கூட வேர்க்காத நெற்றி அது.

ஆனால் மீட்டர் விஷயத்தில் அவர் சொக்கிப் போனார் என்றே சொல்ல வேண்டும். அதுவரை அவர் அணைத்த விளக்குக்கு ஒரு சாட்சியும் கிடையாது. இப்போது திரையில் கோடு சட்டென்று இறங்குகிறது. கோபத்தில் உட்கார்ந்த மாமியார் மாதிரி தடாலென்று இறங்கும். முதல் மாதமே அந்தக் கோடு ஒரு திருட்டைக் காட்டிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை, ஈ காக்கை இல்லாத கட்டடம், விடியற்காலையிலிருந்து மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை அவர் கீழ்த்தளத்தில் தவழ்ந்து தேடினார். மேல்தொட்டியின் மிதவை சுவிட்சு உடைந்து, தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் நாள் முழுக்க மொட்டைமாடியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வருஷமோ. தண்ணீர்த் துறையின் சொந்த மாடியிலேயே. மிதவையை மாற்றினார். கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

ஏழு மாதத்தில் கட்டடத்தின் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. துறையின் நாற்பது கட்டடத்தில் முதல் இடம். பாராட்டுப் பத்திரத்தை வழக்கம்போல மேலே இருக்கிறவர் வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு ஒரு கைகுலுக்கல். அதிலும் அவர் கையில் அப்போது ஸ்க்ரூடிரைவர் இருந்ததால் அது அரைக் குலுக்கலாகப் போயிற்று.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் அறைகளுக்கு மூன்று தடவை எண் போட்டு மூன்று தடவை அழித்திருக்கிறார்கள். இருநூற்றுப் பதினாலு எது என்று கேட்டால் வாசல் காவலரே தலையைச் சொறிவார். அங்கே அறை என்றால் அதில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான். சாயங்காலம் அவர் இறங்கி வரும்போது காவலர் கேட்பதும் இவர் சொல்வதும் பதினாலு வருஷமாக ஒரே பேச்சு. கணக்கை அணைச்சாச்சா? அணைச்சாச்சு. தபாலை? அணைச்சாச்சு. பொறியாளர் மட்டும் இன்னும் எரியறாரு. இதில் யாருக்கும் எந்த விகல்பமும் தோன்றியது இல்லை.

பேச்சோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. ஏழாம் வகுப்பு படித்தவருக்கு அரசாங்கத்துக்கு எழுதுவது என்றால் ஒரு மரியாதை உண்டு. சுத்தத் தமிழில் எழுத வேண்டும், பெரியவர்களைப் பெரியவர்களாக எழுத வேண்டும். ஆகவே அணைச்சாச்சு என்பதை அணைத்தேன் என்று திருத்தினார். மரியாதை குறையக் கூடாது என்று 'அவர்களை' என்று சேர்த்தார். அறை, விளக்கு என்பதெல்லாம் தெரிந்த விஷயம்தானே, ஒற்றை விரலுக்கு எதற்கு வீண் வேலை என்று விட்டுவிட்டார்.

தலைமையகத்தில் புதிதாக ஒரு கணினி ஏற்பாடு செய்தார்கள். துறையில் எழுதப்படும் எல்லாப் பதிவையும் அது படிக்கும். ஆணோ பெண்ணோ, ஊழியர்களிடம் யாராவது வாலாட்டியது தெரிந்தால் தானே புகார் எழுதி, தானே எண் போட்டு, தானே கோப்பை நிறுத்திவைக்கும். நல்ல ஏற்பாடுதான். வேண்டிய ஏற்பாடும்கூட. முதல் நாள் அது பழைய பதிவுகளைப் படிக்க உட்கார்ந்தது. படித்தது. அதற்கு மயக்கம் வராதது ஆச்சரியம்.

பணியமைப்புப் பிரிவு எழுத்தர்தான் அண்ணனைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார். கோப்பு சிவப்பாகிவிட்டதாம். திரையைத் திருப்பிக் காட்டினார். தகாத நடத்தை. இருநூற்றுப் பன்னிரண்டு நிகழ்வுகள். விசாரணை முடியும்வரை மேல்நடவடிக்கை நிறுத்தம். பட்டியல் மூட இன்னும் ஒன்பது நாள்.

சுவிட்சண்ணன் திரையை இரண்டு தடவை வாசித்தார். தகாத நடத்தை என்றால் என்ன என்று தெரியும். யாரிடம் என்றுதான் தெரியவில்லை. தான் செய்த பாவங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தார். ஒருமுறை ஆள் இருப்பது தெரியாமல் லிப்டை நிறுத்தினார். கழற்றிப்போட்ட பழைய குழல்விளக்கு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார். அது எரியவும் இல்லை. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் இருநூற்றுப் பன்னிரண்டு வரவில்லை.

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடைகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தார். தையல் சங்கத்துக்கு மறுநாள் அறுபது பட்டி கொடுக்க வேண்டும். இவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, சொல்ல முடியாமல் சொல்லி முடித்தார். புகார் எண்ணோடு வந்த கடிதத்தையும் கைப்பேசியில் காட்டினார். கீழே, சிறிய எழுத்தில், எந்தச் சொல்லுக்காக, யார் யாரைக் குறித்துப் புகார் என்று போட்டிருந்தது. அவர் அதுவரை வாசித்திருக்கவில்லை. மனைவி வாசித்தார். மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கழுத்துப்பட்டி கீழே விழுந்தது, ஊசி விழுந்தது, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன சிரிப்பு? வேலை போகப்போகுதுங்கறேன்."

"இருபத்தஞ்சு வருஷமா எங்கிட்ட லைட்ட மட்டுந்தான் அணைச்சிருக்கீங்க. அங்க போய் துணை இயக்குநரையா?"

"நான் எழுதினது லைட்டத்தாண்டி."

"எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியணுமே" என்று கண்ணைத் துடைத்தார். சிரிப்பு நின்றதும்தான் கணவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போய் உள்ளதைச் சொல்லுங்க, சொல்லத் தெரியலன்னா நான் வரேன், நான் சொல்றேன் என்றார். அந்த யோசனை அண்ணனுக்கு விசாரணையைவிடப் பயமாக இருந்தது.

விசாரணை அதிகாரி நாலாம் நாள் வந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தவர். சிரிப்பு என்பது தன் சம்பள விகிதத்தில் இல்லை என்பது போன்ற முகம். கூட்ட அறையில் உட்கார்ந்து, அச்சடித்த தாள்களைப் பிரித்து, பேரம் பேசாத குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"'கணக்கு அதிகாரி அவர்களை ஐந்து நாற்பதுக்கு அணைத்தேன்.' நீங்க எழுதினதா?"

"ஆமாங்க ஐயா."

"'பொறியாளர் அவர்களை இரண்டு முறை அணைத்தேன். மறுபடி எரிந்துகொண்டிருந்தார்.'"

"அவரு திரும்பி வந்து போட்டுட்டாருங்க."

"'வெள்ளிக்கிழமை. அனைவரையும் அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.'"

மூலையில் இருந்த கணினிப் பிரிவுத் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அதிகாரி தாளைத் திருப்பினார். அறுபத்தோரு பதிவு துணை இயக்குநரைப் பற்றியது. அவர் அந்தக் கட்டடத்தில் முதலில் வந்து கடைசியில் போகிற பெண்மணி. ஒரு கடிதத்தில் கால்புள்ளி இடம் மாறியதற்கு மூன்று தடவை திருப்பி அனுப்பியவர். அவர் எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அதிகாரி வாசித்தார்: "'துணை இயக்குநர் அம்மா அவர்களை அணைக்கப் போனேன். வேலை இருக்கிறது, அப்புறம் வா என்றார். ஆறு ஐம்பதுக்கு மறுபடி போய் அணைத்தேன்.'"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சண்ணனுக்கு அதையாவது போய் நிறுத்தலாம் என்று இருந்தது.

துணை இயக்குநர் தாளை வாங்கி, அறுபத்தொன்றையும் முழுக்கப் படித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழையைப் பென்சிலால் திருத்தினார். பிறகு, இவர் விளக்கைச் சொல்கிறார், இதற்கு என்ன விசாரணை, முடித்துவிடுங்கள் என்றார்.

முடிக்கலாம்தான். ஆனால் முடிப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரே கேள்வி. 'மேற்படி நபர் தங்களை அணைத்தாரா?' கீழே இரண்டு கட்டம். ஆம், இல்லை. ஆம் என்றால் குற்றம் உறுதி. இல்லை என்றால் அந்த ஆள் அரசாங்கத்துக்கு அறுபத்தோரு பொய்ப் பதிவு எழுதியிருக்கிறார். அதற்கும் வேலை போகும், கட்டடத்தின் முதல் இடமும் சேர்ந்து போகும். தங்கச்சி மீட்டர் கோடுகளைக் காட்டினாள். அவர் அணைத்தேன் என்று எழுதிய ஒவ்வொரு நேரத்திலும் கோடு இறங்கியிருந்தது, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். விளக்கு அணைந்ததற்கு இது சாட்சி, அந்தச் சொல் இந்தக் கட்டடத்தில் விளக்கைத்தான் குறிக்கும் என்பதற்கு எது சாட்சி என்று கேட்டார்.

இன்னொரு வழி விதியில் இருந்தது. அதிகாரி தானே நேரில் பார்த்து, வேலை நேரத்தில் ஊழியர்கள் அப்படிப் பேசுவது வழக்கம் என்று எழுதினால் படிவம் வேண்டாம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மறுநாள் சாயங்காலம் அண்ணன் சுற்றுக்குப் போகும்போது பின்னாலேயே வருகிறேன் என்றார்.

அண்ணனுக்கு உயிர் வந்தது. அறுபத்தேழு அறை இருக்கிறதே, ஒருத்தர் வாயிலிருந்தாவது வராமலா போகும்?

வரவில்லை. சேதி அதற்குள் நாலு மாடிக்கும் பரவிவிட்டது. அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்று கட்டடமே கங்கணம் கட்டிக்கொண்டது. காப்பாற்றுவது என்றால் வாயை அடக்குவது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அதிகாரியும் தங்கச்சியும் பின்தொடர, சுவிட்சண்ணன் தபால் பிரிவு வாசலில் நின்றார். நேற்றுவரை "எங்கள அணைச்சிட்டுப் போங்கண்ணே" என்று கத்திய எழுத்தர் எழுந்து நின்று, "எங்கள் பிரிவின் மின்விளக்குகளைத் தாங்கள் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். கணக்கில் இருந்தவர்கள் கைகூப்பி வழியனுப்பினார்கள். பொறியாளர் ஒருபடி மேலே போய், தானே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி ஒவ்வொரு வாசலிலும் ஒரே வரியை எழுதினார்: சொல்வழக்கு காணப்படவில்லை. மூன்றாம் மாடியில் அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. பாசத்தால் ஒரு மனிதனைக் குழியில் தள்ள முடியும் என்றால் அன்றைக்கு அந்தக் கட்டடம் தள்ளியது. தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதால் அவளும் வாயைத் திறக்க முடியவில்லை. அண்ணன் சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே நடந்தார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் எழுப்பாமல் தட்டினார்.

கடைசி அறை துணை இயக்குநருடையது. மணி ஆறு பத்து. கதவு பாதி திறந்திருந்தது. அம்மா ஒரு நீளமான குழாய் வரைபடத்தில் மூழ்கியிருந்தார். வாசலில் நின்றவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டால் வேலை போகும். கேட்காமல் இருந்தாலும் போகும். தொண்டையை மட்டும் செருமினார்.

துணை இயக்குநர் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்" என்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார், வெளியே வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. "சரி, வேணாம். என்னை அணைச்சிட்டு நீங்க கிளம்புங்க. எனக்கு இந்த வெளிச்சமே போதும்."

எழுதப்போன அதிகாரியின் பேனா பாதியில் நின்றது.

அம்மா நிமிர்ந்தார். வாசலில் மூன்று பேர் சிலை மாதிரி நிற்பதைப் பார்த்தார். தான் சொன்னது என்ன என்று ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கே உறைத்தது போல இருந்தது. முகம் சிவந்தது, உதட்டைக் கடித்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு, இன்னும் இருட்டிலேயே உட்கார்ந்திருந்த பொறியாளர் ஓடிவந்தார்.

விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "மேற்படி சொல்லை, புகாரில் பாதிக்கப்பட்டவராகக் குறிக்கப்பட்ட அதிகாரியே, தன் அறை விளக்கைக் குறித்து, இயல்பாக, என் முன்னிலையில் கூறினார். சொல்வழக்கு உறுதியாகிறது." பேனாவை மூடினார். "இப்ப நீங்க அம்மாவ அணைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு கோடு மாறாமல் படியிறங்கிப் போனார். அவர் பகடி பண்ணினாரா, உத்தரவு போட்டாரா என்பதே இன்றுவரை தீராத வழக்கு.

அம்மா தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதும்தான். கால்புள்ளியைக் கோட்டைவிடாத பெண்மணி இதைக் கோட்டைவிடுவாரா என்பது பொறியாளர் கட்சி. வேலையில் மூழ்கினால் அவருக்குத் தன் பேரே மறந்துவிடும் என்பது தபால் கட்சி. அவரிடம் கேட்கும் தைரியம் இரண்டு கட்சிக்கும் கிடையாது.

பட்டியல் மூட இரண்டு நாள் இருக்கும்போது கோப்பு பச்சையானது. தலைமையகம் தன் பங்குக்கு, இனி மிச்சத்தில் அணைத்தேன் என்று எழுதக் கூடாது, நிறுத்தினேன் என்றுதான் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அண்ணனும் கீழ்ப்படிந்து அன்றைக்கே எழுதினார்: 'துணை இயக்குநர் அவர்களைப் பணி நேரம் முடிந்ததும் நிறுத்தினேன்.' தங்கச்சி அதை அனுப்பும் முன்பே பார்த்துப் பிடுங்கினாள். அவள் இப்போது அறுபத்தேழு கதவுக்கும் எண் ஒட்டி, அந்த எண்களைச் செயலியிலும் ஏற்றிவிட்டாள். அண்ணன் எழுத்தே எழுத வேண்டாம், எண்ணைத் தொட்டால் போதும். நாலாம் தடவை ஒட்டிய எண்கள் இதுவரை உதிரவில்லை.

நிரந்தர உத்தரவு மாதக் கடைசியில் கைப்பேசிக்கு வந்தது. மனைவி அதை இரண்டு தடவை உரக்க வாசித்தார், சின்ன எழுத்தையும் விடாமல். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்ற வரியில் நிறுத்தினார். பதினாலு வருஷத்தில் இவர் எடுத்தது ஜுரத்துக்கு இரண்டு நாள், அதுவும் சம்பளம் இல்லாமல். ஒரு நாள் போட்டுத்தான் பாருங்களேன் என்றார். என்ன வேலை இருக்கிறது என்று இவர் கேட்டார். ஒண்ணும் இல்ல, அதுக்குத்தான் என்றார் அவர்.

விடுப்புப் படிவமும் கைப்பேசியில்தான். தேதி போட்டார். ஒரு நாள் என்று போட்டார். 'காரணம்' என்று ஒரு கட்டம் காலியாக நின்றது. உடம்பு சரியில்லை என்று எழுதலாம், பொய். சொந்த வேலை என்று எழுதலாம், அப்படி ஒரு வேலை கிடையாது. அரசாங்கத்துக்குப் பொய் எழுதியதாக ஒரு தடவை மாட்டப் பார்த்தது போதும். ஒற்றை விரலை வெகுநேரம் தூக்கி வைத்திருந்துவிட்டு, உள்ளதை எழுதினார்.

சும்மா.

இயந்திரம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரை நிமிஷத்தில் ஒப்புதல் வந்துவிட்டது.